அந்தத் தாம்பூலப் பை என்னுடையது

இந்த வாரப் பத்தியை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கவலைப்பட வேண்டாம். ஆனால் என் செருப்பு போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. என் கணவரின் செருப்பும். கூடவே ஒரு இரண்டு லிட்டர் குக்கர், ஒரு மிக்ஸி வயர்.

எல்லாம் நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டுப் பிடிபட்டவை.

முதலில் இருந்தே சொல்கிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நானும் அவரும் கிரிவலம் போகிறவர்கள். பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால். எங்கள் வீடு இருக்கும் வேங்கிக்காலில் இருந்து விடியற்காலையில் ஸ்கூட்டரில் வருவோம். வண்டியை நிறுத்த இடம் கிடைத்துவிடும். செருப்பை எங்கே விடுவது?

திருவண்ணாமலைக்கு வந்துபோன வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மலையைச் சுற்றி வருவது பக்தி. சுற்றி வந்த பிறகும் செருப்பு வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்புவது... அதற்குப் பக்தி போதாது. கோபுர வாசலில் விட்ட செருப்பை அண்ணாமலையார் காப்பாற்றிக் கொடுத்ததாக இதுவரை எனக்குத் தகவல் இல்லை.

அதனால் எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு ஒரு ஏற்பாடு உண்டு. தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் கபீர் பாய் கடை வைத்திருக்கிறார். ஸ்கூல் பை, ட்ராவல் பை, சூட்கேஸ். அறுந்த வாரும் தைப்பார், போன ஜிப்பும் மாற்றுவார். அதிகம் பேசமாட்டார். கடைக்கு முன்னால் ஒரு கல்படி, அதன் அடியில் ஒரு பொந்து. செருப்பை ஒரு பையில் போட்டு அந்தப் பொந்தில் தள்ளிவிட்டு நடக்க வேண்டியதுதான். ஏழு மணிக்குக் கடை திறக்கும்போது பாய் எல்லாப் பைகளையும் எடுத்து உள்ளே மாட்டிவைப்பார். இருபது குடும்பமாவது இருக்கும். எது யாருடைய பை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இதற்காக யாரிடமும் பைசா வாங்கியதில்லை. கேட்டால், "நம்ம தொழிலே பைதானம்மா" என்பார்.

எங்கள் பை சிவப்பு. அவர் கடையிலேயே வாங்கியது. பல வருடங்களாக அதேதான்.

போன பௌர்ணமிக்கு முதல் நாள் அந்தச் சிவப்புப் பையைத் துவைத்துத் தொலைத்தேன். விடிந்தும் காயவில்லை. சமையலறை ஆணியில் மாட்டியிருந்த ஒரு தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டேன். கீழ்பென்னாத்தூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்தது. தேங்காய், வெற்றிலைக்கு மேல் ஒரு சில்வர் பாத்திரமும் வைத்துக் கொடுத்தார்கள் என்பதால் பை தாராளமான சைஸ். மேலே பிள்ளையார் படம், கீழே கொட்டை எழுத்தில் மணமக்கள் பெயர் — திவ்யா, கார்த்திக்.

பை பெரிதாக இருந்ததும் எனக்குப் பேராசை வந்தது. பாய் கடைக்கு எதிரே குக்கர், மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். கிரிவலம் முடித்துத் திரும்பும்போது கொடுத்துவிடலாமே என்று கைப்பிடி ஆடும் குக்கரையும், கருகிப்போன மிக்ஸி வயரையும் செருப்புக்கு மேலே திணித்தேன். வயர் முழுசாக உள்ளே போகவில்லை. ஒரு முனை வெளியே எட்டிப் பார்த்தது.

"வயரை உள்ள தள்ளேன்" என்றார் கணவர். "அது யாரைக் கடிக்கப் போவுது?" என்றேன்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, நாட்டு நடப்புக்கு வருகிறேன்.

எங்கோ ஒரு குண்டு வெடிக்கிறது. உடனே தலைநகரத்தில் ஒரு சட்டம் வெடிக்கிறது. தடா வந்தது, போனது. பொடா வந்தது, போனது. இருக்கிற பழைய சட்டத்துக்கே அவ்வப்போது புதுப் பல் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும், 'இனி ஒரு பயங்கரவாதியும் தப்ப முடியாது' என்கிறார்கள். அப்படியானால் போன தடவை சொன்னது?

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குண்டு வைப்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். லட்சம் பேர் முண்டியடிக்கிற கூட்டத்தில் மாதாமாதம் நடப்பவள் நான். எனக்கும் பயம் உண்டு. என் சந்தேகம் வேறு. டில்லியில் கட்டுகிற பல், திருவண்ணாமலைச் சந்துக்கு வந்து சேரும்போது யாரைக் கடிக்கிறது?

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் வியாபாரிகளுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. பத்தி எழுதுகிறவள் என்பதால் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு அதிகாரி திரையில் படம் போட்டு, பயங்கரவாதியை அடையாளம் காண்பது எப்படி என்று விளக்கினார். தனியாக வருவானாம். பதற்றமாக இருப்பானாம். அடிக்கடி திரும்பிப் பார்ப்பானாம். கையில் பெரிய பை வைத்திருப்பானாம். கேட்டால் சரியான முகவரி சொல்ல மாட்டானாம்.

பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற அத்தனை பேரும் என் கண்முன் வந்து போனார்கள். முகவரி சொல்லாதவர்களா? எங்கள் ஊரில் காவி கட்டி உட்கார்ந்திருக்கும் சாமியார்களிடம் நிரந்தர முகவரி கேட்டால் மலையைக் காட்டுவார்கள். பதற்றத்தோடு அடிக்கடி திரும்பிப் பார்ப்பவர் என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோயாளி. ஸ்வீட் கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டும்.

கடைசியில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். 'என் கடை முன் உரியவர் தெரியாத பொருள் கிடந்தால் தொடமாட்டேன், உடனே தகவல் கொடுப்பேன், தவறினால் நானே பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுந்து கேட்டேன். "மேலிடத்து உத்தரவு மேடம்" என்றார்கள். பாதிப் பேர் படிவத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சிலர் அதில்தான் பிஸ்கட்டைச் சுற்றினார்கள். மூக்குக்கண்ணாடி போட்டு முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்.

கபீர் பாய். அவர்கள் கொடுத்த நோட்டீஸையும் கடை வாசலில் ஒட்டிவைத்தார். போன் நம்பரோடு.

இப்போது மீதிக் கதை உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஏழு மணிக்குப் பாய் கடை திறக்கிறார். பொந்தில் இருந்து தெரிந்த பைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். கடைசியில் ஒரு தெரியாத பை. கனமாக ஏதோ உருண்டையாக இருக்கிறது. வயர் ஒன்று வெளியே தெரிகிறது. மனிதர் நோட்டீஸைப் பார்க்கிறார். தொடக் கூடாது. தள்ளி நின்று போன் செய்கிறார்.

சட்டம் என்ன எதிர்பார்த்ததோ அதை அட்சரம் பிசகாமல் செய்தார். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் அப்படிச் செய்தவர்கள் ரொம்பக் கம்மி.

ஒன்பது மணிக்கு நாங்கள் கால் எரிச்சலோடு சந்துக்கு வந்தபோது கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள். யாரோ வி.ஐ.பி. சாமி கும்பிட வருகிறார் என்று நினைத்தேன். பூ விற்கும் அம்மாதான் சொன்னார், "பாய் கடையில குண்டாம்." அதற்குள் அது ஊரெங்கும் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. போன் செய்தவர் பாய் என்பது எந்த வாட்ஸ்அப்பிலும் இல்லை. 'பாய்', 'கடை', 'குண்டு' — மூன்றே வார்த்தை. மீதியை ஜனங்கள் அவரவரே எழுதிக்கொண்டார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நடுத்தெருவில் செய்தித்தாளை விரித்து ஏதோ அடுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எக்கிப் பார்த்தேன். என் செருப்பு. பக்கத்தில் என் குக்கர், மூடி தனியாக. மோப்ப நாய் ஒன்று என் கணவரின் செருப்பை முகர்ந்துவிட்டு, தும்மிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. முப்பது வருடமாக நான் சொல்லிவருவதை ஒரு அரசாங்க நாய் வந்து உறுதி செய்தது.

சிரிப்பு வந்தது. 'பாயை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க' என்று கேள்விப்பட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

வெறுங்காலோடு ஸ்டேஷனுக்குப் போனோம். வாசல் பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் மை. ஒவ்வொரு விரலாக ரேகை எடுத்திருக்கிறார்கள். முன்பக்கம், பக்கவாட்டில் என்று போட்டோவும். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து நின்றார். "பை எங்களுதுதான் பாய்" என்றேன். "சிவப்புப் பை இன்னாச்சும்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். வாரம் தவறாமல் என் பத்தியை அவர் மனைவி படிப்பாராம். டீ வந்தது. பை என்னுடையது என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். காலையில் இருந்து அவர் பட்ட பாட்டை அவரே சொன்னார். பையில் பெயர் இருந்ததால், முதலில் திவ்யாவையும் கார்த்திக்கையும் தேடியிருக்கிறார்கள். அவர்கள் தேனிலவில் இருந்தார்கள். ஊட்டியில் மணமகன் போனை எடுக்காததும் சந்தேகம் வலுத்திருக்கிறது. பிறகு கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பிடித்து, பையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எண்ணூறு பேருக்குக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். மொய் நோட்டைக் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டாராம்.

பையை வைத்த எனக்கு நாற்காலி, டீ. பையைப் பார்த்துத் தகவல் சொன்னவருக்குப் பெஞ்ச், மை. இதை யோசித்தபோது டீ தொண்டைக்குள் இறங்கவில்லை. இறங்காததைக் குடித்து முடித்தேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

பாயிடம் இரண்டு மணி நேரம் என்னதான் கேட்டார்கள்? கடையில் ஏன் இத்தனை பைகள் என்று ஒருவர் கேட்டாராம். "பை கடை சார்" என்றிருக்கிறார் பாய். வேறென்ன சொல்வார்?

மதியத்துக்குள் பாயை விட்டுவிட்டார்கள். என் பொருட்களைத்தான் விடவில்லை. 'ப்ராப்பர்ட்டி' என்று சீட்டு கட்டியாயிற்றாம், மேலே எழுதி உத்தரவு வாங்கித்தான் தர முடியுமாம். போகட்டும், செருப்புத்தானே என்று வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பாய்க்கு நஸ்ரீன் என்று ஒரே மகள். நர்ஸ். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். மஸ்கட்டில் இருந்து ஒரு ஆஸ்பத்திரி அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் நம்பர் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் வேண்டுமானால் போலீஸ் விசாரணை வேண்டும். போன வியாழக்கிழமை ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார். நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். பேப்பரைப் புரட்டிவிட்டு, "அப்பா பேரு கண்காணிப்பு ரெஜிஸ்டர்ல ஏறியிருக்கேம்மா. ரிப்போர்ட் கொஞ்சம் லேட்டாவும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? அது அவருக்கும் தெரியாது.

விஷயம் என் காதுக்கு வந்ததும், மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். இந்தத் தடவையும் நாற்காலி. டீ வேண்டாம் என்றேன். "குண்டே இல்லை, குக்கர்தான் என்று உங்களுக்கே தெரியும். அந்த ரெஜிஸ்டரில் இருந்து அவர் பெயரை எடுங்கள்" என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு ஒரு வாக்கியம் சொன்னார். டில்லியில் சட்டம் எழுதுகிறவர்கள் அதைக் கட்டம் கட்டி மாட்டிவைத்துக்கொள்ளலாம்.

"ஏத்தறதுக்குத்தான் மேடம் வழி குடுத்திருக்காங்க. எடுக்கறதுக்கு வழி எதுவும் சொல்லல."

'சம்பந்தப்பட்ட நபர்' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம். அதைக் காலியாக விடக் கூடாதாம். பை கிடந்த காலையில் சம்பந்தப்பட்டவராக அங்கே நின்ற ஒரே ஆள் பாய்தான். எழுதிவிட்டார்கள். அப்படியானால் அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள் என்றேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க எழுதிக் குடுத்தா உங்களை விசாரிக்கணும் மேடம். விசாரிச்சா நீங்க பேப்பர்ல எழுதுவீங்க."

ஆக, என்மேல் சந்தேகப்பட யாருக்கும் தைரியம் இல்லை. பாய்மேல் சந்தேகப்பட யாருக்கும் தைரியமே தேவைப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் ஆளுக்குத் தகுந்த மாதிரி என்று எந்தப் பிரிவும் கிடையாது. எழுதாத பிரிவு அது. எழுதிய பிரிவுகளை விட அதுதான் ஒழுங்காக அமலாகிறது.

அங்கிருந்து நேராகப் பாய் கடைக்குப் போனேன். ஒரு ஸ்கூல் பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூல் இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் "என்னாலதான் பாய்" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க. தப்பு என்மேலதான்" என்றார். ஜிப்பை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அவங்களுக்கு போன் பண்ணியிருக்கக் கூடாது. நானே பையைத் தொறந்து பாத்திருந்தேன்னா உங்க செருப்பைக் கண்டுபுடிச்சிருப்பேன்."

அது நிஜமாகவே வெடிகுண்டாக இருந்திருந்தால் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பொண்ணு பாஸ்போர்ட்டுக்கு முன்னால் அவருக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது.

வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காணோம். பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. கல்படியின் அடிப்பொந்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார். இனி பௌர்ணமிக்கு யாரும் அங்கே செருப்பு வைக்க முடியாது. "கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார். நானா கோபித்துக்கொள்வேன்? எனக்கு அழுகை வந்தது. இருபது குடும்பம், எத்தனையோ வருடம், ஒரு சீட்டு இல்லை, ஒரு டோக்கன் இல்லை. ஒரு செருப்பு தொலைந்ததில்லை. எந்தச் சட்டமும் போட்டுக் கொண்டுவர முடியாத ஒன்று அந்தப் பொந்தில் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். பயங்கரவாதத்தைத் தடுக்க அரசாங்கத்துக்கு யார் வேண்டும்? தெரியாத பையைப் பார்த்தால் நின்று, பயந்து, போன் செய்கிற ஒரு மனிதர் வேண்டும். எங்கள் சந்தில் அப்படி ஒருவர் இருந்தார். ஒரே ஒருவர். அவருக்கு ரேகை எடுத்து அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு அந்தச் சந்தில் உண்மையாகவே ஒரு பை டிக் டிக்கென்று கிடந்தாலும் எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பிஸ்கட்டைச் சுற்றியவர்கள்தான் புத்திசாலிகள் என்று இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

நேற்று இன்ஸ்பெக்டருக்கு மறுபடி போன் செய்தேன். பத்திரிகையில் அச்சாகி வந்தால் ஆதாரமாக எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "ஃபைல்ல சேக்கலாம் மேடம்" என்றார். அவர் மனைவி எப்படியும் படிப்பார், வெட்டியும் கொடுப்பார் என்ற நம்பிக்கையில் கீழ்க்கண்டதை எழுதுகிறேன். வாசகர்கள் அத்தனை பேரும் சாட்சி.

போன பௌர்ணமி அன்று விடியற்காலையில் கபீர் பாய் கடைப் படிக்குக் கீழே அந்தத் தாம்பூலப் பையை வைத்தது நான். யாரும் தூண்டி வைக்கவில்லை. செருப்பு, குக்கர், வயர் எல்லாம் எங்களுடையவை. வயரை உள்ளே தள்ளும்படி என் கணவர் சொன்னதையும் நான் கேட்காததையும் ஒப்புக்கொள்கிறேன். கபீர் பாய் இதில் செய்த ஒரே காரியம், நீங்கள் செய்யச் சொன்னது. 'சம்பந்தப்பட்ட நபர்' கட்டத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதக் கடைசிக்குள் போட்டுக்கொண்டால் நல்லது. ஒரு பெண் டிக்கெட் எடுக்க வேண்டும்.

விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். தலைமறைவாகிவிடுவேன் என்ற பயம் வேண்டாம்... என் செருப்பு உங்களிடம்தானே இருக்கிறது.